ஆளைப் பார்த்த பிறகு

புதுச்சேரியில் வேணு நாயக்கர் திருமணம். உறவும் நட்புமாகக் கூடியிருந்தவர்கள் ஓர் இளைஞரைப் பாடச் சொன்னார்கள். பெயர் கனகசுப்புரத்தினம். இன்னும் இருபது வயது ஆகவில்லை. மரபுப்படி தமிழ் கற்றுத் தேறியவர். பாரதி எழுதிய விடுதலைப் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினார். கூட்டத்தில் ஒருவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதரை இளைஞர் முன்பே தெருவில் பார்த்ததுண்டு. ரவிவர்மா படத்துப் பரமசிவம் மாதிரி இருக்கிறாரே என்று நினைத்து மனசுக்குள் அதையே பெயராகவும் வைத்திருந்தார். தான் பாடிக்கொண்டிருந்த பாட்டை எழுதியவர் அவர்தான் என்பது மட்டும் தெரியாது. பாடி முடித்த பிறகுதான் தெரிந்தது. பின்னாளில் பாரதிதாசன் என்று தமிழுலகம் அறிந்த அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

1908இல் பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததை ஒட்டிய காலத்தில் நடந்தது இது. தமிழில் ஒரு வாசகன் தன் ஆசிரியனை நேரில் கண்டுகொண்ட தருணங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. இதில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது ஒன்றுதான். பாட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பந்தலுக்குள் நுழையும்போது அவர் தெரிந்து வைத்திருந்த அதே பாட்டுத்தான் வெளியே வரும்போதும் அவரிடம் இருந்தது. ஆனாலும் பாரதிதாசனின் கவிதை வாழ்க்கை அன்றோடு இரண்டாகப் பிரிகிறது. பக்திப் பாடல்களை இறுகிய புலவர் நடையில் எழுதிவந்தவர், எளிய சொல்லுக்குள் அத்தனை வலிமை இருக்கிறதென்று கண்டுகொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அவர் சக்தியைப் பற்றி எழுதிய பாடலை, தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பாரதியே சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார்.

பார்த்ததால் பாட்டு உயர்ந்துவிட்டதா? அப்படிச் சொன்னால் கவிதையைச் சிறுமைப்படுத்துகிறோம். பார்த்ததில் எதுவும் இல்லையா? அப்படிச் சொன்னால் பாரதிதாசனைப் பொய்யராக்குகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கப் புதுச்சேரியைவிட நல்ல இடம் இல்லை. நகரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் நான் வசிக்கிறேன். இங்கிருந்து பஸ் ஏறினால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கடந்து முத்தியால்பேட்டை. பாரதி நண்பர்களோடு உலவிய குயில்தோப்பு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு; பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. ஆசிரியரும் வாசகரும் நடந்தே போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடிய தூரத்தில் வாழ்ந்த ஊர் இது.

பாரதியின் வீட்டுக்கு வந்த இன்னொரு வாசகர் வ.ரா. அரவிந்தரைக் காண வேண்டுமென்று புதுச்சேரிக்கு வந்தவர். பாரதியைச் சந்தித்ததும் படித்த இளைஞர்கள் அந்தக் காலத்தில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். பாரதி பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்த ஒருவரைக் கூப்பிட்டு, வந்தவர் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறார், நீ வந்து பேசு, எனக்கு இங்கே வேலையில்லை என்ற பொருள்படச் சொன்னார். வ.ரா. வெட்கத்தில் குறுகிப்போனார். தமிழனும் தமிழனும் சந்திக்கும்போது இன்னொரு மொழி எதற்கு என்ற கேள்வி அவருக்குள் அன்று இறங்கியது. பின்னர் வ.ரா. எழுதிய உரைநடையைப் பாருங்கள். பேச்சுத் தமிழின் துடிப்பும் அச்சமற்ற நேர்ப்பேச்சும் கலந்த அந்த நடைக்கு விதை அந்தச் சில நிமிடங்களில் விழுந்தது என்று நினைக்கிறேன். தமிழின் மேன்மையைப் பாடிய பாரதியை வ.ரா. படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். படித்தது தலையில் இருந்தது. சந்திப்புக்குப் பிறகு அது நாக்குக்கு வந்தது.

பாரதிதாசனுக்கும் வ.ரா.வுக்கும் நடந்தது ஒரே காரியம் என்று தோன்றுகிறது. கவிதை சொல்வதை அவர்கள் கருத்தாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருத்தை ஒரு மனிதன் உடம்பாலும் கோபத்தாலும் சிரிப்பாலும் வாழ்வதைப் பார்த்தபோது அது அவர்கள்மேல் ஒரு கடமையாக விழுந்தது. இது கவிதையின் தரத்தைப் பற்றிய செய்தி அல்ல. அதன் உண்மையைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தமிழ் வாசகர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது 1930களில்.

பாரதி 1921இல் மறைந்துவிட்டார். அவரோடு பழகிய வ.ரா. மேடையிலும் பத்திரிகையிலும் அவரை உலகப் பெருங்கவிகளோடு ஒப்பிட்டு உயர்த்திப் பேசிவந்தார். 1930களின் நடுவில் அது பெரிய விவாதமாக வெடித்தது. கல்கி மறுத்து எழுதினார். பாரதி சிறந்த தேசியக் கவி, அதில் சந்தேகமில்லை, ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்பது அவர் வாதம். விவாதத்தில் கோபமும் தாபமும் நிறைய இருந்தன. ஆனால் அடியில் கிடந்த கேள்வி நம்முடையதுதான். வ.ரா. பாரதியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர். அந்தக் குரல் அவர் காதில் நிற்கிறது. அவர் சொல்லும் மதிப்பு கவிதையிலிருந்து வருகிறதா, அந்தக் குரலிலிருந்து வருகிறதா? நேரில் கேட்காதவனை அவர் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பார்? 'நீ பார்த்ததில்லை, அதனால் உனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டால் அதோடு விமர்சனம் முடிந்துபோகும்.

அங்கேதான் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் வந்தார்கள். பாரதி மறைந்தபோது கு.ப.ரா.வுக்கு வயது 19, சிட்டிக்கு 11. அவர்கள் விவாதத்துக்குள் வந்தது பாரதியோடு கொண்ட பழக்கத்தை நம்பி அல்ல. கவிதைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சொல்லையும் சந்தத்தையும் கற்பனையையும் எடுத்துவைத்துப் பாரதியின் இடத்தை நிறுவ முனைந்தார்கள். அந்தக் கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்று நூலாகவும் வந்தன. பாரதியை மகாகவி என்று இன்று நாம் தயக்கமில்லாமல் சொல்கிறோம் என்றால் அதற்கு வ.ரா.வின் சாட்சியமும் வேண்டியிருந்தது, இவர்களுடைய வாசிப்பும் வேண்டியிருந்தது. முதல் வகை மட்டும் இருந்திருந்தால் பாரதி ஒரு நண்பர் வட்டத்தின் தெய்வமாக நின்றிருப்பார். எதிர் வழக்காடிய கல்கியே பின்னர் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பும் பணியை முன்னின்று நடத்தினார். 1947 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. கவிஞனை மதிப்பது வேறு, வரிசையில் எங்கே வைப்பது என்று எடைபோடுவது வேறு என்பதை அவர் செயலிலேயே காட்டிவிட்டார்.

இதே வழக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கடுமையாக நடத்தியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய விமர்சகர் சாந்த் பெவ், எழுத்தை அறிய எழுதியவரை அறிய வேண்டும் என்று நம்பினார். அவரோடு பழகியவர்களை விசாரித்து, குணம், குடும்பம், பழக்கம் எல்லாவற்றையும் திரட்டித்தான் தீர்ப்புச் சொல்வார். மார்செல் ப்ரூஸ்த் அதை எதிர்த்து எழுதினார். புத்தகத்தை எழுதுகிற 'நான்' வேறு, விருந்துக்கு வந்து உட்கார்கிற 'நான்' வேறு என்பது அவர் வாதம். அதற்குச் சாட்சியாக அவர் காட்டியது சாந்த் பெவின் தோல்விகளையே. போதலேரை சாந்த் பெவ் நேரில் அறிந்தவர். மரியாதை தெரிந்த நல்ல பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்ல அவரால் முடிந்தது. அந்த நூற்றாண்டின் மகத்தான கவிஞர் என்று காண முடியவில்லை. பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது. ப்ரூஸ்த் தன் நாவலிலும் இதைக் காட்சியாக்கியிருக்கிறார். கதைசொல்லும் சிறுவன் தான் ஆராதிக்கும் எழுத்தாளர் பெர்கோத்தை ஒரு விருந்தில் பார்க்கிறான். நரைத்த, மென்மையான முனிவரை எதிர்பார்த்தவனுக்கு முன்னால், குட்டையாக, நத்தை ஓடு போன்ற மூக்கும் கறுத்த குறுந்தாடியுமாக ஒருவர் நிற்கிறார். எழுத்தைப் படித்து அவன் கட்டியெழுப்பிய முகம் அந்த மூக்கின் முன்னால் நிற்க முடியாமல் சரிகிறது.

ப்ரூஸ்தின் வாதம் எனக்கு ஏறக்குறைய முழுதும் ஏற்புடையது. அவர் சாந்த் பெவின் பக்கமிருந்து கேள்வியைப் பார்க்கிறார். அதாவது தீர்ப்புச் சொல்பவரின் பக்கமிருந்து. வாழ்வதற்கு எழுத்தைத் தேடிவரும் வாசகரின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி கொஞ்சம் மாறுகிறது. அது எனக்கு விளங்கியது எங்கள் ஊரில்தான்.

பிள்ளைச்சாவடியைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்துவிட்டன. மணல் வந்து சேராத வடக்குக் கரைகள் கரைகின்றன. ஓர் ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு நகர்கிறது. அப்படி நகர்ந்து நகர்ந்து எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லி ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்ததெல்லாம் செய்தித்தாளில் வந்த கதை. கடல் நெருங்கும்போது ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது செய்தியில் வராது. ஓடு, தகரம், ஜன்னல் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி எடுப்பார்கள்.

அப்படி வீட்டை இழந்த ஓர் அக்கா என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்; படிக்கச் சொல்லிக் கேட்பதில் ஆசை அதிகம். மின்சாரம் போன ஒரு சாயங்காலம் கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்து எடுத்துப் போய்விடுகிறார்கள். அந்தக் கதவைப் பேருந்தாக்கி விளையாடிய குழந்தைகள் கதவில்லாத வீட்டில் குளிரில் கிடக்கிறார்கள். வாடையில் கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் தங்கள் கதவு கிடப்பதைக் கண்டு கட்டிக்கொள்கிறார்கள். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா தம்பி, ஊடு போனாப் போவுது, கதவ மொதல்ல கழட்டிப்புடணும். அடுத்த ஊட்டுக்கு அதான் ஆவும்" என்றார். அவர் தூக்கிக்கொண்டு வந்த கதவு அந்த வாடகை வீட்டின் சுவரில் சாய்ந்து நின்றது. பச்சைப் பெயின்ட் உப்புக்காற்றில் உரிந்து, கீழ்ச்சட்டம் ஊறிப்போய், பித்தளைக் கொண்டி மட்டும் பளபளத்தது.

"இத எழுதுனவரு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்க்கா. ஆனா கடைசி முப்பது வருசத்துக்கு மேல நம்ம லாஸ்பேட்டையிலதான் இருந்தாரு."

"லாஸ்பேட்டையிலயா! தெரிஞ்சிருந்தா போயி ஒரு வார்த்த கேட்டிருப்பனே."

"என்ன கேட்டிருப்பீங்க?"

"அந்தப் புள்ளைங்களுக்குக் கதவு திரும்பக் கெடச்சிதா இல்லியான்னு."

ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிடத் தூய்மையான காரணம் எனக்குத் தெரியாது. கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மேலே என்ன நடந்தது என்று அது சொல்வதில்லை. கி.ரா.வுக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது. தெரிந்ததாகச் சொல்லியிருந்தால் அது இன்னொரு கதை. ஆனால் அக்காவின் கேள்வி தவறான கேள்வியும் அல்ல. கதைக்குள் இருக்கும் பிள்ளைகள் உண்மையானவர்கள், அவர்களைப் பற்றி ஒருவருக்குத் தெரியும், அவர் நம் ஊரில் இருந்திருக்கிறார் என்ற நம்பிக்கையிலிருந்து எழுந்தது அது. கையெழுத்து வாங்கப் போகிறவருக்கும் படம் எடுத்துக்கொள்ளப் போகிறவருக்கும் உள்ளே ஓர் ஓரத்தில் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது.

கி.ரா. 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு கரிசல்காட்டு விவசாயியைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது தமிழில் அதுவரை இல்லாத நிகழ்வு. 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 மே 17 அன்று புதுச்சேரியிலேயே காலமானார். இந்த முப்பது வருடங்களில் அவர் வீட்டுக்குப் போய்வந்த வாசகர்களுக்குக் கணக்கில்லை. போய்வந்தவர்களில் பலர் ஒன்றையே சொல்லக் கேட்டிருக்கிறேன்: அவர் பேச்சும் அவர் எழுத்தும் ஒன்று. கரிசல் வட்டாரச் சொல் தெரியாமல் அச்சில் தடுக்கித் தடுக்கிப் படித்த புதுச்சேரிக்காரர்கள், ஒருமுறை அவர் கதை சொல்லக் கேட்ட பிறகு தடையில்லாமல் படித்தார்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்திச் சிரிக்க வேண்டும் என்பது காதுக்குப் பழகிவிட்டது. ஒரு பாட்டைச் சுரக்குறிப்போடு தாளில் பார்ப்பதற்கும் பாடகர் பாடக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கேட்ட பிறகு குறிப்பு மாறுவதில்லை. அதைப் படிக்கும் திறன் மாறுகிறது. இந்த வகை மாற்றத்தை எந்த விமர்சகரும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். ஏனென்றால் அது எழுத்துக்குள்ளேயே இருந்ததைத்தான் எடுத்துக்கொடுக்கிறது. ஆசிரியர் போன பிறகும் அது வாசகரிடமிருந்து வாசகருக்குக் கைமாறக்கூடியது. பக்கத்து வீட்டு அக்கா கி.ரா.வைப் பார்த்ததில்லை. அவர் குரலைக் கேட்டு அவர் கதையைப் படிக்கப் பழகிய ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அது போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. உழைக்கும் மக்களின் மானத்தைப் பற்றி அற்புதமாக எழுதிய ஒரு நாவலாசிரியரை ஒரு வெளியீட்டு விழாவில் பார்த்தேன். மேடையேறுவதற்குச் சற்று முன்னால், நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பையன் வழியில் நின்றுவிட்டான் என்பதற்காக அவனை எல்லார் முன்னிலையிலும் அவர் பேசிய பேச்சு வாய்விட்டுச் சொல்லக்கூடியது அல்ல. பிறகு மேடையேறி மானுடத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். வீட்டுக்கு வந்து அவர் நாவலை மீண்டும் எடுத்தேன். தூக்கிப் போடுவதற்காக அல்ல. அந்த மனிதர் அதில் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதற்காக. சில காட்சிகள் அசையவே இல்லை. கூலிக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயின் கால்களை அவர் எழுதியிருந்த விதத்தில், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அந்தக் கால்களை உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனால் கதைசொல்லி ஏழைகளுக்காக உருகும் இடங்கள் என் கையில் நொறுங்கின. அங்கே ஏழைகள் இல்லை. உருகுகிற ஒருவர் மட்டும் கண்ணாடி முன்னால் நின்றார். கவனமான வாசகர் ஆளைப் பார்க்காமலும் கண்டுபிடித்துவிடக்கூடிய விரிசல்தான் அது. அந்தச் சந்திப்பு எனக்கு அந்தக் கவனத்தைக் கொடுத்தது. தீர்ப்பை நூலிலிருந்துதான் எடுத்தேன்.

இதன் மறுபுறம் இன்னும் ஆபத்தானது. அன்பான எழுத்தாளரைச் சந்தித்துவிட்டு வருகிறோம். காப்பி கொடுத்தார், நம் ஊரை விசாரித்தார், நாம் எழுதிய எதையோ படித்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய மோசமான வரிகளும் நமக்குக் கண்ணில் படுவதில்லை. கடுமையான மனிதரால் ஏற்படும் ஏமாற்றம் நம்மை நூலுக்குத் திருப்பி அனுப்புகிறது. அன்பான மனிதர் தரும் நிறைவு நம்மை நூலிலிருந்து விலக்கிவிடுகிறது. தமிழில் விமர்சனம் நட்புக்கும் பகைக்கும் இடையே நசுங்கிக் கிடப்பதற்கு இந்த இரண்டாவதுதான் பெரிய காரணம். சிறுபத்திரிகைகளின் சின்ன உலகத்தில் எழுதுபவரும் மதிப்பிடுபவரும் ஒரே திண்ணையில் உட்காருபவர்கள். திண்ணை இருக்கட்டும். எழுந்து வந்து தனியாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

நேரில் பார்க்க முடியாத ஆசிரியரை இன்று நாம் ஆவணங்களில் சந்திக்கிறோம். பாரதியோடு நமக்கு நடக்கும் சந்திப்பு அப்படிப்பட்டது. 1918 நவம்பரில் அவர் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் பிரிட்டிஷ் போலீஸ் கைதுசெய்து கடலூர்ச் சிறையில் வைத்தது. அங்கிருந்து அவர் சென்னை கவர்னர் பென்ட்லண்டுக்கு விடுதலை வேண்டி மனு எழுதினார். தன் விசுவாசத்தை உறுதி சொல்லி எழுதிய மனு அது. அச்சமில்லாமையைப் பாடியவரின் கையெழுத்து அதில் இருப்பதை முதலில் படிக்கும் எந்த வாசகருக்கும் நெஞ்சு கனக்கும். சிலர் அந்த மனுவை மறைக்கப் பார்க்கிறார்கள். சிலர் அதை வைத்துப் பாடல்களைப் பொய்யாக்கப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன: கவிஞனும் கவிதையும் ஒரே எடையில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பத்தாண்டு நாடு கடந்த வாழ்க்கை, கண்காணிப்பு, வறுமை எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை மனு சொல்கிறது. அந்த மனிதன் அதற்கு முன்னால் தன்னைத்தாண்டி எவ்வளவு தூரம் எழுந்து நின்றான் என்பதைப் பாட்டு சொல்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு படிக்கும்போது பாட்டின் அச்சமின்மை மலிவான வீராப்பாக இல்லாமல், அச்சத்தை நன்றாக அறிந்த ஒருவர் பெற்ற வெற்றியாக ஒலிக்கிறது.

அதே பாரதியைப் பற்றி ரா.கனகலிங்கம் எழுதிய 'என் குருநாதர் பாரதியார்' என்ற சிறிய நூலையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த தனக்குப் பாரதி புதுச்சேரியில் பூணூல் அணிவித்து உபதேசம் செய்ததை அவர் நேரடிச் சாட்சியாகப் பதிவுசெய்திருக்கிறார். பூணூல் அணிவிப்பது சாதியை ஒழிக்கும் வழிதானா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் சாதி இல்லை என்று பாடியவர் அதைத் தன் வீட்டுக் கூடத்திலும் செய்துகாட்ட முயன்றார் என்பதற்கு இதோ ஒரு மனிதரின் வாக்குமூலம். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள், சிறுமியாகத் தான் கண்ட பாரதியை எழுதினார். புதுப்பாட்டை எழுதிய சூட்டோடு பாடிக் காட்டும் மனிதரை, குழந்தைகளோடு குழந்தையாகிவிடும் மனிதரை அதில் பார்க்கிறோம். இவர்களில் யாரும் தாங்கள் கண்டதை வைத்துக் கவிதைக்கு மார்க் போடவில்லை. கண்டதைச் சொன்னார்கள். மதிப்பிடும் வேலையை வருங்காலத்துக்கு விட்டார்கள். சாட்சியத்தின் ஒழுக்கம் அதுதான்.

இன்று நிலைமை தலைகீழ். புத்தகக் கண்காட்சியிலும் இலக்கியத் திருவிழாவிலும் கைபேசித் திரையிலும் எழுத்தாளரை முதலில் பார்க்கிறோம். புத்தகத்தைப் பிறகு படிக்கிறோம், அல்லது படிப்பதில்லை. அவர் அரசியல் பேச்சு பிடித்திருந்தால் நாவல் நல்ல நாவல். அவர் சண்டைக்காரர் என்று தெரிந்தால் கவிதைக்கு அவகாசமே இல்லை. பாரதிதாசன் அந்தப் பந்தலில் பாடும்போது பாட்டு அவருக்கு மனப்பாடம். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டு அவருக்குள் ஊறிவிட்டிருந்தது. அதனால்தான் சந்திப்பு அவரை மாற்ற முடிந்தது. உள்ளே எதுவும் இல்லாமல் போய்ப் பார்ப்பவருக்கு எழுத்தாளர் ஒரு முகம், அவ்வளவுதான். ஆகவே வரிசை முக்கியம். முதலில் படிக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் சந்திக்க வேண்டும். சந்தித்துவிட்டு வந்து மீண்டும் படிக்க வேண்டும். அந்தக் கடைசி வாசிப்பு நடக்காவிட்டால் சந்திப்பு வெறும் கிசுகிசுவாக மிஞ்சும்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. பிரபஞ்சன் 2018 டிசம்பரில் போனார். கி.ரா. 2021இல் போனார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்' நாவலையும் 'வானம் வசப்படும்' நாவலையும் எழுப்பிய பிரபஞ்சனோடு இந்த நகரத்தின் தெருக்களில் பேசிக்கொண்டே நடந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். லாஸ்பேட்டை வீட்டில் கி.ரா.வின் கதை கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்கள், எழுத்தர்கள், மாணவர்களாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அஞ்சலிக் கூட்டங்களில் அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். பெரிய மனிதர், எளிய மனிதர், அன்பானவர் என்கிறார்கள். இவையெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் நாளைய வாசகருக்கு இவற்றால் பயனில்லை. வேண்டியது வேறு. ஒரு வாக்கியத்தை அவர் எப்படி வாசித்தார்? எந்தச் சொல்லில் குரல் இறங்கியது? தன் எந்தக் கதையைப் பற்றி அவருக்கே குறை இருந்தது? யாரிடம் கோபப்பட்டார், எதற்காக? எதைப் படித்துவிட்டுத் தூங்காமல் இருந்தார்? குறைகளையும் சேர்த்து, நாள் இடத்தோடு, நேரில் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியே பிரித்து எழுத வேண்டும். வ.ரா.வும் கனகலிங்கமும் யதுகிரியும் எழுதியதால்தான் நூறாண்டு கழித்தும் நாம் பாரதியின் வீட்டுக்குள் போய்வர முடிகிறது. அவர்கள் கண்டது நமக்குச் சேர வேண்டிய பங்கு என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் காலத்து எழுத்தாளர்களை நேரில் கண்டவர்களுக்கும் அந்தக் கடன் உண்டு. இந்தப் பத்திரிகையின் பக்கங்களிலேயே அதைத் தொடங்கலாம்.